போன காசு எங்கே போச்சு? – பங்குச்சந்தைக் குற்றப் படங்களின் கதை

போன செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். எங்கள் ஹாஸ்டல் ரூம்மேட் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். "என்னடா, ஃபீஸ் கட்டப் போகலையா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அரை மணி நேரம் கழித்து, "மச்சான், அந்தக் காசு போச்சுடா" என்றான். வீட்டிலிருந்து வந்த நாற்பதாயிரம். போனில் ஆப்ஷன் வாங்கி விற்றதில் மூன்றே எக்ஸ்பைரி நாளில் காலி.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே ஒரு கேள்வி கேட்டான். "நான் செலவு பண்ணலடா. யாரும் பிக்பாக்கெட் அடிக்கல. அப்போ என் காசு எங்கடா போச்சு?"

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். கணக்குப்பதிவியலில் நல்ல மார்க். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இன்னொரு விஷயமும் உறுத்தியது. முதல் வருடத்தில் 'ஸ்காம் 1992' தொடரை அவனுக்குப் போட்டுக் காட்டியதே நான்தான். அந்த டைட்டில் மியூசிக்கை அவன் ரிங்டோனாக வைத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவனும் நான்தான்.

அந்த உறுத்தலில், பங்குச்சந்தையை வைத்து வந்த குற்றப் படங்களை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். பரீட்சைக்குப் படித்திருக்கலாம் என்று அம்மா சொல்வது காதில் விழுகிறது :-) ஆனால் இந்த வரிசையில் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. (கதை முடிவுகளையும் சொல்லப் போகிறேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் அடிக்க வராதீங்க.)

சாதாரண மர்மக் கதையில் முதல் காட்சியிலேயே ஒரு பிணம் கிடக்கும். கொன்றது யார் என்று துப்பறிவாளர் தேடுவார். சந்தைக் கதையில் பிணம் கிடையாது, காணாமல் போன பணம்தான் உண்டு. "யார்?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். "எப்படி?", "யாருடைய பணம்?", "அது குற்றம்தானா?" இந்த மூன்றும்தான் மர்மம்.

முதலில் 1909. அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'எ கார்னர் இன் வீட்'. கால் மணி நேரம்கூட ஓடாத மௌனப் படம். ஒரு பெரும் வியாபாரி சந்தையில் கிடைக்கும் கோதுமை மொத்தத்தையும் வளைத்துப் போடுகிறான். இதைத்தான் 'கார்னர்' செய்வது என்பார்கள். பின்னால் தருகிறேன் என்று முன்கூட்டி விற்றவர்கள் எல்லாரும், கடைசியில் அவனிடமே வந்து அவன் சொன்ன விலைக்கு வாங்கியாக வேண்டும். படத்தில் அவன் விருந்து வைக்கிறான். அடுத்த ஷாட்டில் ரொட்டிக் கடை. ஐந்து சென்ட் ரொட்டி பத்து சென்ட் ஆகிவிட்டது என்று அறிவிப்பு தொங்குகிறது, ஏழைகள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். விருந்து, கடை, மறுபடி விருந்து என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறார் கிரிஃபித். கடைசியில் அந்தக் கோதுமை ராஜா தன்னுடைய தானியக் கிடங்கிலேயே தவறி விழுந்து, கொட்டும் கோதுமையில் மூச்சுமுட்டிச் சாகிறான்.

இந்தக் கதைக்குப் பின்னால் ஃபிராங்க் நாரிஸ் என்ற எழுத்தாளர் இருக்கிறார். 1897-98இல் சிகாகோவில் ஜோசப் லைட்டர் என்பவர் கோதுமையை வளைக்கப் பார்த்துத் தோற்ற நிஜச் சம்பவத்தை ஒட்டி, 'தி பிட்' நாவலை எழுதியவர். கவனியுங்கள், 1909 படத்தில் போலீஸ் வருகிறது. ஆனால் வியாபாரியைப் பிடிக்க இல்லை, ரொட்டிக் கடையில் பசியோடு நிற்கும் கூட்டத்தைத் தடுக்க! அவன் செய்தது சட்டப்படி குற்றம் என்று படம் எங்கும் சொல்லவில்லை. அதனால் தண்டனையை இயக்குநரே கொடுத்துவிடுகிறார்.

அடுத்து ஜெர்மனி, 1922. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'டாக்டர் மபூசே' இரண்டு பாகம், நாலு மணி நேரத்துக்கும் மேல். ஆரம்பக் காட்சியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். ஓடும் ரயிலில் ஒரு பெட்டி திருடப்படுகிறது. அதற்குள் இரு நாடுகளுக்கு இடையிலான வணிக ஒப்பந்தம். பெட்டியைப் பாலத்தின் மேல் வைத்து ரயிலிலிருந்து வீசுகிறார்கள், கீழே போகும் காரில் சரியாக விழுகிறது. ஒப்பந்தம் திருட்டுப் போனது என்ற செய்தி பரவியதும் பங்குகள் சரிகின்றன. மாறுவேடத்தில் சந்தைக்குள் நிற்கும் மபூசே மலிவு விலையில் அள்ளுகிறான். பிறகு, ஒப்பந்தம் முத்திரை உடையாமல் கிடைத்துவிட்டது என்று செய்தி வருகிறது. விலை ஏறுகிறது, விற்றுவிட்டுப் போய்விடுகிறான்.

இங்கே திருடிய பொருளை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது திருட்டு பற்றிய செய்திதான். அடுத்தவனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் உண்மை தெரிந்தால் போதும், பூட்டை உடைக்கவே வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தைய படம் சார் இது! அதே படத்தில் மபூசே கள்ள நோட்டும் அடிக்கிறான், பார்வையற்றவர்களை வேலைக்கு வைத்து. படம் வந்த அடுத்த வருடம், 1923இல், ஜெர்மனியின் நல்ல நோட்டே குப்பைக் காகிதம் ஆகிவிட்டது. ரொட்டி வாங்கக் கட்டுக்கட்டாகப் பணம் கொண்டுபோன அந்தப் பணவீக்கத்தை எங்கள் பொருளாதாரப் பாடத்தில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

1928இல் பிரான்ஸ். எமிலி ஸோலா 1891இல் எழுதிய 'லார்ஜான்' நாவலை, அதே பெயரில் மார்செல் லெர்பியே படமாக்கினார். நாவலுக்கு ஒரு தூண்டுதல், 1882இல் கவிழ்ந்த 'யூனியன் ஜெனரால்' என்ற வங்கி. படத்தில் கதை 1920களுக்கு வந்துவிடுகிறது. சக்கார் என்ற வங்கியாளன் ஒரு விமானியின் சாகசப் பயணத்தை வைத்துக் கம்பெனிப் பங்கின் விலையை ஏற்றுகிறான். விமானம் விழுந்துவிட்டது என்ற வதந்திகூட அவனுக்கு ஆதாயம்தான். லெர்பியே பாரிஸ் பங்குச்சந்தைக் கட்டடத்தையே விடுமுறை நாட்களில் வாடகைக்கு எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணை நடிகர்களை நிறுத்திப் படமெடுத்தார். உச்சியிலிருந்து கேமரா கீழே பார்க்கும்போது மனிதர்கள் எறும்புக் கூட்டமாகத் தெரிகிறார்கள். அடுத்த வருடமே, 1929 அக்டோபரில், நியூயார்க் சந்தை சரிந்தது.

இதுவரை வில்லன் தெளிவாக இருக்கிறான். அடுத்த படத்தில் வில்லனே இல்லை. 1962இல் மைக்கலாஞ்சலோ அன்டோனியோனி எடுத்த 'லெக்லிஸ்ஸெ' (கிரகணம்). இது குற்றப் படம் கிடையாது. ஆனாலும் என் ரூம்மேட்டின் கேள்வி இருப்பது இதில்தான், அதனால் சேர்த்துக்கொண்டேன்.

ரோம் பங்குச்சந்தை. இறந்துபோன ஒரு தரகருக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி. டெலிபோன்கள் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. நிமிடம் முடிந்த அந்த நொடியே பழையபடி காட்டுக் கத்தல். இன்னொரு நாள் சந்தை விழுகிறது. ஒரே நாளில் ஐந்து கோடி லிரா இழந்த ஒரு தடித்த மனிதரைக் கதாநாயகி பின்தொடர்ந்து போகிறாள். அவர் அழுவார், ஏதாவது செய்துகொள்வார் என்று நினைக்கிறோம். அவரோ மருந்துக்கடைக்குப் போய்விட்டு, ஒரு கஃபேயில் உட்கார்ந்து காகிதத்தில் பூப் படம் வரைகிறார்! பிறகு அவள் தன் தரகு நண்பனிடம், இழந்த பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கிறாள். எங்கேயும் போவதில்லை என்கிறான் அவன்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். அவன் சொன்னது பாதி உண்மை. நூறு ரூபாய்ப் பங்கு அறுபதுக்கு இறங்கினால், அந்த நாற்பது யார் பாக்கெட்டுக்கும் போவதில்லை, மதிப்பு குறைந்தது அவ்வளவுதான். (நமக்கு நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனவர் மட்டும் நம் பணத்தோடு வீட்டில் நிம்மதியாக இருப்பார்.) ஆனால் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வேறு ஜாதி. அங்கே ஒருவர் இழக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கே போகிறது. அதற்கு மேல் தரகு, வரி, கட்டணம். அங்கே "எங்கேயும் போவதில்லை" என்ற பதில் செல்லாது. இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

1980களில் ஹாலிவுட் முழு வேகத்தில் இறங்குகிறது. 1983இல் 'டிரேடிங் பிளேசஸ்'. நகைச்சுவைப் படம்தான். ஆரஞ்சு விளைச்சல் பற்றிய அரசாங்க அறிக்கையை வெளியாவதற்கு முன்பே திருடி, ஆரஞ்சுச் சாறு ஃபியூச்சர்ஸில் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் இரண்டு கிழட்டுக் கோடீஸ்வரர்கள். கதாநாயகர்கள் நடுவில் புகுந்து போலி அறிக்கையைக் கொடுத்து, அவர்களை 39 கோடி டாலருக்கு மேல் கவிழ்க்கிறார்கள். நாம் கைதட்டுகிறோம். ஆனால் நிஜ அறிக்கையைத் தெரிந்துகொண்டு வியாபாரம் செய்து பணக்காரர் ஆனவர்கள் நம் நாயகர்கள்தானே? அரசாங்கத்திடமிருந்து திருடிய தகவலை வைத்துச் சரக்குச் சந்தையில் வியாபாரம் செய்வதைத் தடுக்க அமெரிக்காவில் அப்போது தனி விதியே இல்லை. 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 746ஆம் பிரிவுதான் அந்த ஓட்டையை அடைத்தது. அதற்கு வைத்த செல்லப் பெயர் 'எடி மர்ஃபி விதி'. ஒரு காமெடி நடிகர் பெயரில் நிதிச் சட்டம், வேறு எங்கே கிடைக்கும்?

1987 டிசம்பரில் 'வால் ஸ்ட்ரீட்'. இயக்குநர் ஆலிவர் ஸ்டோனின் அப்பா ஒரு பங்குத் தரகர், படமே அவருக்குத்தான் சமர்ப்பணம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், அக்டோபர் 19 அன்று, டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% விழுந்திருந்தது. இவான் போஸ்கி என்ற பெரும்புள்ளி உள்தகவல் வியாபாரத்தில் சிக்கி, 10 கோடி டாலர் கட்டியிருந்தார். பேராசை நல்லது என்று படத்தில் மைக்கேல் டக்ளஸ் பேசும் பேச்சுக்கு ஒரு மூலம், போஸ்கி 1986இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் முன் பேசியதுதான்.

கெக்கோ என்ற அந்தப் பாத்திரம் வில்லன். கடைசியில் மாட்டிக்கொள்கிறான். ஆனால் தியேட்டரை விட்டு வந்த இளைஞர்கள் அவனைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். உங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று பலர் தன்னிடம் சொன்னதாக டக்ளஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2012இல் எஃப்.பி.ஐ. ஒரு விளம்பரம் எடுத்தது. அதில் அதே டக்ளஸ் வந்து, அது வெறும் சினிமா, நிஜத்தில் அது குற்றம் என்று விளக்க வேண்டியதாயிற்று! எச்சரிக்கைக்காக எடுத்த படம் ஆள்சேர்ப்பு விளம்பரமாக மாறிய கதை இது.

1999இன் 'ரோக் டிரேடர்' ஆசியாவுக்கு வருகிறது. 1762இல் தொடங்கிய இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி, சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் என்ற இருபத்தெட்டு வயது ஊழியரால் 1995 பிப்ரவரியில் கவிழ்ந்தது. நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கும் மேல். நஷ்டத்தை ஒளித்துவைத்த கணக்கின் எண் 88888. 1995 ஜனவரியில் கோபே பூகம்பம் வந்து ஜப்பான் சந்தை சரிந்ததும் மூழ்கிவிட்டார். வங்கியை ஒரே ஒரு பவுண்டுக்கு ஐ.என்.ஜி. வாங்கியது.

எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரே ஆள் பணத்தையும் கையாளக் கூடாது, கணக்கையும் எழுதக் கூடாது. நான் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோன வரி. லீசன் வியாபாரமும் செய்தார், அதைச் சரிபார்க்கும் பின்னலுவலகத்தையும் அவரே பார்த்தார். 233 வருட வங்கி செத்தது இந்த ஒரு வரியால்தான். வாத்தியார் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

2013இல் 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்'. ஜோர்டான் பெல்ஃபோர்ட்டின் 'பம்ப் அண்ட் டம்ப்' மோசடி. உப்புமா கம்பெனிப் பங்கை முதலில் தாங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, போனில் பேசிப் பேசி ஊரார் தலையில் கட்டி, விலை ஏறியதும் விற்றுவிடுவது. நிஜ பெல்ஃபோர்ட் 22 மாதம் சிறையில் இருந்தார். மூன்று மணி நேரப் படத்தில் ஏமாந்தவர்களின் முகம் கிட்டத்தட்ட வரவே இல்லை. போனின் மறுமுனையில் ஒரு குரல், அவ்வளவுதான். 1909இல் ரொட்டிக் கடை வரிசையைக் காட்டிய சினிமா 2013இல் அந்த வரிசையை வெட்டிவிட்டது.

இதைவிடப் பெரிய வேடிக்கை வெளியே நடந்தது. படத்தைத் தயாரித்த ரெட் கிரானைட் நிறுவனத்துக்கு வந்த பணம், மலேசிய அரசின் 1எம்டிபி நிதியிலிருந்து கையாடப்பட்டது என்று 2016இல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. 2018இல் அந்த நிறுவனம் 6 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பண மோசடி பற்றிய படத்தையே மோசடிப் பணத்தில் எடுத்ததாக வழக்கு. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இப்படி எழுதத் துணிய மாட்டார்.

சரி, நம்மூருக்கு வருவோம். ஹர்ஷத் மேத்தா. வங்கிகள் அரசுப் பத்திரங்களை அடகு மாதிரி வைத்து ஒன்றுக்கொன்று குறுகிய காலக் கடன் கொடுக்கும். நடுவில் தரகர். பத்திரம் கைமாறாது, 'பத்திரம் எங்களிடம் இருக்கிறது' என்று ஒரு வங்கி ரசீது மட்டும் போகும். பத்திரமே இல்லாமல் ரசீது கொடுக்கச் சில சின்ன வங்கிகள் தயாராக இருந்தன. அந்த ஓட்டை வழியாக வங்கிப் பணம் பங்குச்சந்தைக்குப் பாய்ந்தது. 1992 ஏப்ரல் 2 அன்று சென்செக்ஸ் 4467. ஏப்ரல் 23 அன்று சுசேதா தலால் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் எழுதினார். ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 12.77% சரிவு. மொத்த ஓட்டை 4,000 கோடி ரூபாய்க்கு மேல். 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இருக்கும்போதே மேத்தா இறந்தார்.

2006இல் இந்தக் கதையைத் தழுவி 'கஃப்லா' என்ற இந்திப் படம் வந்தது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. 2020 அக்டோபரில் 'ஸ்காம் 1992' வந்தபோதோ நாடே பார்த்தது. பிரதிக் காந்தியின் நடிப்பும் அந்த இசையும் அப்படி. நியாயமாகச் சொன்னால் தொடர் மேத்தாவைத் தெய்வமாக்கவில்லை, சுசேதா தலாலுக்கும் சம இடம் கொடுக்கிறது. ஆனால் எங்கள் ஹாஸ்டலில் யாருடைய ரிங்டோனும் சுசேதா தலால் இல்லையே! 2024இல் வந்த 'லக்கி பாஸ்கர்' இன்னும் ஒரு படி மேல். வங்கி ஊழியன் அந்த ரசீது மோசடியில் தானும் சம்பாதித்து, குடும்பத்தோடு வெளிநாடு போய்விடுகிறான். விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். 1909இல் கோதுமையில் புதைந்தவன், 2024இல் விமானம் ஏறிவிட்டான்.

படத்தைக் குறை சொல்லவில்லை. ஏமாற்றியவனின் கதையில் கார் இருக்கிறது, பங்களா இருக்கிறது, வசனம் இருக்கிறது. ஏமாந்தவன் கதையில் ஒரு கட்டிலும் ஒரு சுவரும்தான் இருக்கும். எதைப் படமெடுப்பார்கள்?

2020 மார்ச்சில் இந்தியாவில் டிமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டியது. கொரோனா ஊரடங்கும், மலிவான டேட்டாவும், ஐந்து நிமிடத்தில் கணக்கு திறக்கும் ஆப்களும் சேர்ந்து செய்த வேலை. ஒரு தொடரால் மட்டும் இது நடந்தது என்று சொன்னால் பொய். ஆனால் எங்கள் தலைமுறை உள்ளே நுழைந்தபோது பின்னணியில் ஓடியது அந்த இசைதான்.

2024 செப்டம்பரில் செபி ஒரு ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். செலவையும் சேர்த்து மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் இப்படி இறங்கியவர்களில் 43% பேர் முப்பது வயதுக்குக் கீழ். அதே வருடம், செலவுகளைக் கழிப்பதற்கு முன், சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் தரகு நிறுவனங்களுக்கு சுமார் 33,000 கோடி லாபம், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு சுமார் 28,000 கோடி. அந்த லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல்கள் தாமாகச் செய்த வியாபாரத்தில் வந்தது.

இந்தப் பக்கத்தைத்தான் அவனிடம் காட்டினேன். "உன் நாற்பதாயிரம் இங்கதான்டா போச்சு. ஒரு பங்கு கம்ப்யூட்டருக்கு, ஒரு பங்கு தரகுக்கும் வரிக்கும்." மபூசே மாதிரி மாறுவேடம் இல்லை, கெக்கோ மாதிரி பேச்சு இல்லை. இது குற்றமும் இல்லை, எல்லாம் சட்டப்படி. பிணமும் இல்லை, கொலைகாரனும் இல்லை. ஆனால் காசு போயிருக்கிறது.

அவன் ரொம்ப நேரம் அந்த எண்களைப் பார்த்தான். "அப்போ நான் அந்தத் தொடர்ல யாருடா?" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அவன் அப்பாவுக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் திட்டினார், பிறகு நகையை வைத்துப் பணம் அனுப்பினார். ஃபைனோடு ஃபீஸ் கட்டியாச்சு. ரிங்டோனை யாரும் சொல்லாமலே மாற்றிவிட்டான். இப்போது ராஜா சார் பாட்டு.

கொசுறு: எதிலிருந்து பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, 'எ கார்னர் இன் வீட்' முதலில். கால் மணி நேரம்தான், மெஸ்ஸில் வரிசையில் நிற்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதில் வரும் ரொட்டிக் கடை வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்ற படங்களைப் பாருங்கள். எல்லாப் படத்திலும் அந்த வரிசை இருக்கிறது, கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.